புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருத்தலம்: பழைய கோயிலில் தொடங்குங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவிலிருந்து புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குப் போகக் கார் தேவையில்லை. பெர்ரியில் பட்டர்வொர்த் இறங்கி கொமுட்டர் ரயில் ஏறினால், புக்கிட் தெங்காவுக்கு அடுத்த நிலையம் புக்கிட் மெர்தாஜாம். பாடாங் பெசார் போகிற ரயிலும் சரி, ஈப்போ பக்கம் போகிற ரயிலும் சரி, அங்கே நிற்கும். பிறகு கிராப் வாடகைக் கார் பிடித்து கூலிம் சாலையில் கொஞ்ச தூரம்தான். ஜூலை 26 திருவிழாவன்று மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. சாலை அடைத்துக்கொள்ளும், கடைசித் தூரத்தை நடந்துதான் கடக்க வேண்டும். நிதானமாக வேண்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கு திருவிழாவுக்கு முன் ஒன்பது நாள் நடக்கும் செபமான நவநாளின் வாரநாள் ஒன்றே போதும்.

கண்ணில் முதலில் படுவது 2002-இல் எழுந்த பெரிய ஆலயம். 2,500 பேர் உட்காரலாம். பலரும் நேரே அதற்குள் போய், மெழுகுவர்த்தி ஏற்றி, புனிதமாகக் கருதும் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். முதலில் 1888-இல் கட்டிய பழைய கோயிலுக்குப் போங்கள். ஊரின் கதை அங்கேதான் இருக்கிறது.

இங்கே முதலில் குடியேறிய கத்தோலிக்கர்கள் சீனரும் இந்தியருமான விவசாயிகள். அவர்களுக்காக 1846-இல் பிரெஞ்சு குருக்கள் குன்றில் சிறிய சிற்றாலயம் ஒன்றை எழுப்பினார்கள். சபை பெருகப் பெருகக் கட்டடம் மாறி, கடைசியில் வந்ததுதான் 1888 கோயில். 1948-இல் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியபின், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியால் இந்த வட்டாரத்தை அரசாங்கம் கறுப்புப் பகுதியாக, அதாவது கிளர்ச்சியாளர் நடமாட்டமுள்ள ஆபத்தான இடமாக அறிவித்தது. ஆள் நடமாட்டம் நின்று, கோயில் பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது. இன்றைய கூட்டத்தைப் பார்க்கிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

வளாகத்திலேயே அதைவிடப் பழையது ஒன்று உண்டு: சேரோக் தோக் குன் கல்வெட்டு. 1845-இல் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டறிந்த பாறை. எழுத்து பல்லவ மரபை ஒட்டியது, மொழி சமஸ்கிருதம். தமிழ் என்று நினைத்து வாசிக்க முயன்றால் ஏமாற்றமே. உச்சிவெயிலில் கீறல்கள் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது பாருங்கள். தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டியால் தேய்க்கவே கூடாது.

அன்னம்மாளின் பெயர் விவிலியத்தில் கிடையாது. மரியாளின் தாய் என்ற மரபு இரண்டாம் நூற்றாண்டு நூலொன்றிலிருந்து வருகிறது. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்து மகளைப் பெற்றவர் என்பதால்தான் குழந்தை வரம் கேட்டு இத்தனை தம்பதிகள் வருகிறார்கள்.

மெழுகுவர்த்தி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மேடையின் நடுவில் நெருக்கி நட்டால் பக்கத்துச் சுடரின் சூட்டில் இளகி, வளைந்து, அடுத்ததன் மேல் சாயும். உயரமானதை விட்டுவிட்டுக் குட்டையாக, தடிமனாக வாங்கி, அடிப்பகுதியைச் சுடரில் காட்டி உருக்கி, ஓரத்தில் அழுத்தி நிறுத்துங்கள். இரவுப் பவனியில் காகிதக் கவசம் இல்லாமல் கையில் பிடித்தால் விரலில் மெழுகு வழியும். சேலை கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது. நெரிசலில் பின்னால் வருபவரின் சுடர் எங்கே படும் என்று சொல்ல முடியாது.

குன்றில் ஏறும் சிலுவைப்பாதையில் 14 நிலைகள். மழை பெய்தால் வழுக்கும், ஜப்பான் செருப்பு எனும் ரப்பர் செருப்பு ஆகாது. மூட்டுவலி உள்ளவர்கள் கீழே அமர்ந்தே செபிக்கலாம், குறையொன்றுமில்லை. தண்ணீர் பிடிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புட்டியைச் சுமந்துகொண்டே குன்றேற வேண்டியிருக்கும்.