இகுருசி நெல்லும் தார் எஸ் சலாம் விலையும்

2022 ஜூன். தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன் என்பது முதலாளிக்கு எப்படியோ நினைவு வந்து, அந்த வருட நெல் கொள்முதலுக்கு என்னையும் அனுப்பிவிட்டார். வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவனுக்கு நெல் தெரியாதா என்ற தைரியத்தில் பஸ் ஏறினேன். கூட வந்தவர் எங்கள் கடையின் பழைய ஆள், உள்ளூர்க்காரர். பேரம் பேசுவது, பணம் கொடுப்பது எல்லாம் அவர். கணக்கு மட்டும் என்னுடையது.

போன இடம் இகுருசி. ம்பேயா மாகாணத்தில், உசாங்கு சமவெளியின் ஓரத்தில், ஜாம்பியா போகும் நெடுஞ்சாலை மேலேயே இருக்கிற ஊர். சாலையின் இருபக்கமும் அரவை மில்கள். மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை எங்கு பார்த்தாலும் படுதா விரித்து நெல் காயும். சுவாஹிலியில் நெல்லுக்கு ம்புங்கா, அரிசிக்கு ம்ச்சேலே, சோற்றுக்கு வாலி. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல். இங்கே நம்மைப் போலவே மூன்று. அதைக் கேட்டதும் சொந்த ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

நெல் மூட்டைக் கணக்கில்தான் விலை பேசப்படுகிறது. மூட்டைக்குக் குனியா என்று பெயர், நம் கோணிக்குத் தூரத்துச் சொந்தம் போல. மூட்டை என்றால் எத்தனை கிலோ? அதுதான் கதையே. வாய் வரை நிரப்பித் தைப்பது ஒரு வகை. வாய்க்கு மேலே இன்னொரு துண்டுச் சாக்கை வைத்துக் கோபுரமாய்க் குவித்துக் கயிற்றால் பின்னுவது இன்னொரு வகை, அதற்கு லும்பேசா என்று பேர். நூறு கிலோவுக்கு மேல் கட்டக் கூடாது என்று சட்டம் உண்டு. ஆனாலும் ஒரு மூட்டை விலைக்கு ஒன்றேகால் மூட்டை சரக்கு போவதைக் கண்ணால் பார்த்தேன். இழப்பு விவசாயிக்கு. படியளக்கும்போது கை வைத்து வழிக்காமல் குவித்து வாங்கும் பண்ணையார்களைப் பற்றி என் தாத்தா சொன்ன கதைகள் ஞாபகம் வந்தன.

நாங்கள் தராசில் நிறுத்தே வாங்கினோம். கிலோ 1,000 ஷில்லிங். என் கணக்கு எளிமையானது. நூறு கிலோ நெல்லுக்கு 62 கிலோ அரிசி காணும் என்று எடுத்துக்கொண்டேன். அப்படியென்றால் அரிசி கிலோ 1,613 அடக்கம். அரவைக் கூலி, சாக்கு, ஏற்றுகூலி, தீர்வை, 800 கிலோமீட்டர் லாரி வாடகை எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 190. ஆக 1,803. தார் எஸ் சலாமில் தாண்டலே சந்தையில் மொத்த விலை 2,000 ஓடிக்கொண்டிருந்தது. இதைவிட என்ன வேண்டும்?

அரைத்தபோது கண்டது 56.

மில்காரர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு பிடி நெல்லை எடுத்துக் கையில் கசக்கிக் காட்டினார். பாதி அரிசியில் மயிரிழை மாதிரி வெடிப்பு. பகலில் தார்ச்சாலை ஓரத்து வெயிலில் காய்ந்து, இரவுப் பனியில் மூடாமல் கிடந்து, மறுநாள் மறுபடி காய்ந்த நெல். அப்படிப்பட்டது உருளையில் பட்டதும் நொய்யாகிவிடும். போதாததற்கு இரண்டு மூன்று பேருடைய நெல்லைத் தரகர் (இங்கே அவர் 'தலாலி') ஒன்றாகக் கொட்டியிருந்தார். சாரோ என்கிற ரகத்தோடு வேறு ஏதோ நாட்டு ரகம். அரிசியின் நீளம் மாறினால் மில் எதற்கென்று திருகி வைப்பது? நெல்லை வாங்கும் முன் நான்கு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்க வேண்டும் என்று என் அப்பாவே சொல்லியிருக்கிறார். நான் ஈரமானியை நம்பிக் கடிக்காமல் விட்டேன். ஈரம் சரியாகத்தான் இருந்தது.

அடக்கம் 1,976 ஆயிற்று. நொய் கலந்த அரிசிக்குத் தாண்டலேயில் 1,950-க்கு மேல் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 28 டன். கிலோவுக்கு 26 ஷில்லிங் வீதம் ஏழு லட்சத்துச் சொச்சம் கைவிட்டுப் போயிற்று. லாரிப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: கிட்டோங்கா மலை வளைவுகள், எடைமேடை வரிசை, மிக்குமி காட்டுக்குள் ரோட்டோரம் நிற்கும் யானை, தடுப்புக்குத் தடுப்பு தீர்வை ரசீது. ரசீதின் ஒரு நகல் குறைந்ததால் ஓரிடத்தில் இரவு முழுக்க நின்றோம்.

இரண்டாவது கொள்முதலுக்கு முதலாளி விடுவார் என்று நினைக்கவில்லை. விட்டார். இந்த முறை தரகரை விட்டுவிட்டு, மில் கொட்டகையிலேயே நெல்லை அடுக்கி வைத்து விலைக்குக் காத்திருந்த விவசாயிகளிடம் நேராகப் போனோம். அந்த ஊர் வழக்கம் அது: நெல் மில்லில் தூங்கும், பணம் தேவைப்படும்போது பத்து மூட்டையை எழுப்புவார்கள். பெரும்பாலும் பெண்கள். வயதில் மூத்த பெண்ணை அங்கே 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா என்று அர்த்தம். முதல் இரண்டு நாள் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒரு மாமாவிடம், ஏன் இப்போதே எல்லாவற்றையும் விற்கவில்லை என்று கேட்டேன். பள்ளிக்கூடங்கள் ஜனவரியில் திறக்கும், கட்டணம் அப்போதுதான் என்றார். அறுவடையில் விழுந்து, மழைக்காலத்தில் ஏறி, அடுத்த கதிர் முற்றும் வரை இறங்காத விலையை அவர் எந்தப் பட்டியலும் பார்க்காமல் பிடித்து வைத்திருந்தார்.

நாங்களும் நெல்லாகவே வைத்தோம். மில்காரருக்கு மட்டும் பயம். 2013-ல் அரசு வரியில்லாமல் வெளிநாட்டு அரிசியை விட்டபோது பதுக்கி வைத்தவர்களெல்லாம் அடிவாங்கியதை அவர் மறக்கவில்லை. பயத்துக்கு நியாயம் உண்டு. தான்சானியா, கென்யா முதலான நாடுகள் சேர்ந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் வெளி அரிசிக்கு விதிக்கும் பொது இறக்குமதி வரி 75 சதவீதம், அல்லது டன்னுக்கு 345 டாலர், எது அதிகமோ அது. அந்தச் சுவர் நிற்கும் வரை தான்சானியாவில் விலையை முடிவுசெய்வது மழை. கென்யா அப்போது விலக்கு வாங்கிக்கொண்டு 35 சதவீதத்தில் பாகிஸ்தான் அரிசியை எடுத்துக்கொண்டிருந்தது. அதனால் நைரோபி வியாபாரி கராச்சி விலையைப் பார்க்கிறார், இகுருசிக்காரர் வானத்தைப் பார்க்கிறார்.

அந்த வருடம் வானம் கைவிட்டது. அக்டோபரில் ரூவு ஆறு வற்றி தார் எஸ் சலாமில் தண்ணீரே முறை வைத்து விட்டார்கள். எல்லைக்கு அப்பால் கென்யாவிலும் கடும் வறட்சி. நமாங்கா எல்லைச்சாவடி வழியாகப் போகும் லாரிகள் கூடின. டிசம்பரில் மொத்த விலை 2,600 தொட்டதும் முதலாளி அரைக்கச் சொன்னார். இன்னும் இரண்டு மாதம் பொறுக்கலாம் என்றேன். ஏழு லட்சம் தொலைத்தவன் பேச்சு எடுபடவில்லை. இந்த முறை 64 கண்டது, பழகிய நெல். பழைய நஷ்டம் தீர்ந்து மேலேயும் நின்றது.

இன்று இதை நான் செய்ய முடியாது. 2025 ஜூலையில் வந்த உத்தரவு, வெளிநாட்டவர் வயலிடத்துக்கே போய் விளைச்சல் வாங்குவதைத் தடை செய்துவிட்டது. லும்பேசாவைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு அரிசி வாங்கத் தாண்டலே போனேன். கிலோ 3,200 என்றார் கடைக்காரர். ஏன் என்று கேட்டதற்கு, 'இது க்யேலா' என்றார். நியாசா ஏரிக்கரை க்யேலா அரிசிக்கு மணம் அதிகம், மதிப்பும் அதிகம். நம் ஊரில் எல்லாம் பொன்னி ஆவது போல இங்கே நல்ல அரிசி எல்லாம் க்யேலா ஆகும். இரண்டு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். சாரோ. அநேகமாக இகுருசி.

ஐந்து கிலோ கட்டச் சொன்னேன்.