ஈடிபஸின் முச்சந்தியில் பஸ் நிற்காது

ஏதென்ஸிலிருந்து டெல்ஃபிக்குப் போகும் டூர் பஸ்கள் செய்கிற அநியாயம் ஒன்று இருக்கிறது. லிவாதியா தாண்டி மலையேறும்போது வழிகாட்டி மைக்கைப் பிடித்து, "ஈடிபஸ் தன் அப்பாவைக் கொன்ற இடம் இதுதான்" என்பார். தலையைத் திருப்புவதற்குள் வளைவு வந்துவிடும். அடுத்து அராஹோவாவில் கம்பளியும் காந்த பொம்மையும் விற்கிற தெருவில் இறக்கிவிட்டு நாற்பது நிமிடம் என்பார்கள். கிரேக்கத் துன்பியல் நாடகத்துக்காகவே ஒருவர் அந்த நாட்டுக்குப் போனால், பார்க்க வேண்டிய முதல் இடம் அந்த முச்சந்தி. அங்கே டிக்கெட் கிடையாது, கடை கிடையாது. அதனால்தான் பஸ்ஸும் நிற்பதில்லை.

போவது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸின் லியோசியோன் பஸ் நிலையத்திலிருந்து டெல்ஃபிக்கு அரசுத் தடம் போன்ற கேடெல் பஸ் உண்டு. சுமார் 180 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மெட்ரோ அந்த நிலையத்தின் வாசல் வரை போகாது, கடைசியில் கொஞ்சம் நடக்க வேண்டும், பெட்டியைச் சின்னதாக வையுங்கள். அராஹோவாவில் இறங்கி, வாடகை டாக்ஸி பேசி, முச்சந்தி இருக்கிற டிஸ்டோமோ பிரிவு வரை போய்த் திரும்ப வேண்டும். போக, வர, அரை மணி நேரக் காத்திருப்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே பேசி முடியுங்கள். கிரேக்க டாக்ஸி மீட்டரில் 1, 2 என்று கட்டண எண் ஒன்று தெரியும். ஊர் எல்லைக்கு வெளியேயும், நள்ளிரவு முதல் விடிகாலை 5 மணி வரையும் 2 ஓடுவது சட்டப்படி சரி. அதே 2 பட்டப்பகலில் ஏதென்ஸ் நகருக்குள் ஓடினால் உங்கள் பர்ஸ் காலியாகிறது என்று அர்த்தம். விரலால் காட்டிக் கேளுங்கள், பெரும்பாலும் சத்தமில்லாமல் 1 ஆகிவிடும்.

இப்போதைய நெடுஞ்சாலை மேலே போகிறது. பழைய பாதை கீழே பள்ளத்தாக்கில். நடைபாதை இல்லை, நிழல் இல்லை, லாரிகள் வேகமாக வரும். ஓரம் அகலமாக இருக்கிற இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மேலிருந்து பார்த்தாலே போதும், மலைகள் மூன்று பக்கமும் நெருக்கிக்கொண்டு நிற்பது தெரியும். டெல்ஃபியிலிருந்து ஒரு வழி, டாவ்லிஸிலிருந்து ஒரு வழி, இரண்டும் சேர்ந்து தீப்ஸை நோக்கி ஒரு வழி. ஈடிபஸின் அப்பா, தீப்ஸ் மன்னன் லாயஸும் அவன் வேலையாளும் இங்கேதான் புதைக்கப்பட்டார்கள், மேலே கற்கள் குவிந்திருக்கின்றன என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இந்த வழியே போன பயண எழுத்தாளர் பௌசானியஸ் எழுதியிருக்கிறார்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் நாடகத்தில் ஈடிபஸ் இந்த இடத்தை எப்படி விவரிக்கிறான் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு நின்றால் கதையே வேறு மாதிரி தெரியும். எதிரே ஒரு வண்டி, ஐந்து பேர், முன்னால் கட்டியக்காரன். வழி குறுகல். வண்டியோட்டி இவனைத் தள்ளுகிறான். இவன் வண்டியோட்டியை அடிக்கிறான். வண்டியில் இருந்த கிழவர், இவன் பக்கவாட்டில் கடக்கும் வரை காத்திருந்து, குதிரையை ஓட்டுகிற இரட்டை முனைத் தார்க்குச்சியால் நடு மண்டையில் போடுகிறார். இவன் கைத்தடியால் திருப்பி அடிக்கிறான், கிழவர் வண்டியிலிருந்து மல்லாக்க விழுகிறார். "எல்லோரையும் கொன்றேன்" என்கிறான் ஈடிபஸ். ஒருவன் தப்பித்தது அன்றைக்கு அவனுக்குத் தெரியாது.

வழி விடுவது யார் என்ற சண்டை. நம் ஊர்ச் சந்துகளில் தினமும் நடப்பதுதான். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே குணம், இரண்டு பேரும் ஒதுங்கமாட்டார்கள். அப்பாவைக் கொல்வாய் என்று டெல்ஃபி கோயிலில் அப்போலோ தெய்வம் குறி சொன்னதுதான் விதி. ஆனால் தார்க்குச்சியை ஓங்கியது அப்போலோ இல்லை. நாடகத்தின் வலுவே இந்த இடத்தில்தான் இருக்கிறது. நல்ல பாடநூல்கள் கூட "எல்லாம் விதி" என்று ஒரு வரியில் கடந்துபோவதைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். ஊழ் என்ற சொல்லை இங்கே அப்படியே பொருத்திவிடக் கூடாது. நம் ஊழ்வினைக் கணக்கு அவரவர் முற்பிறப்பில் செய்ததற்கு. தீப்ஸில் பிறவிக் கணக்கு இல்லை, குடும்பக் கணக்கு. தனக்கு விருந்தோம்பிய பெலாப்ஸின் மகனை லாயஸ் கடத்திப் போனான், அதனால் சாபம் என்று வேறு கதைகள் காரணம் சொல்கின்றன. சோஃபக்ளீஸ் அந்தக் காரணத்தையும் சொல்லவில்லை. அப்பா வாங்கிய கடனை மகன் கட்டுகிறான், ஆனால் கடன் பத்திரத்தை யாரும் அவனிடம் காட்டுவதே இல்லை.

'ஹூப்ரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லை ஆணவம் என்று மொழிபெயர்ப்பதும் பாதிதான் சரி. ஏதென்ஸில் அது வழக்குப் போடக்கூடிய குற்றம். அடுத்தவரை அவமானப்படுத்துவதற்காகவே கை வைப்பது. மனசுக்குள் இருக்கிற கர்வத்துக்கு வழக்குப் போட முடியாது. நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாக அரிஸ்டாட்டில் சொல்கிற 'ஹமார்ஷியா'வும் குணக்கேடு இல்லை, அம்பு குறி தப்புவதற்கான சொல்லிலிருந்து வந்தது. குறி வைத்தவன் திறமைசாலிதான், அம்பு வேறு இடத்தில் போய்க் குத்திவிட்டது.

சரி, சாப்பாடு. அராஹோவாவுக்குத் திரும்பியதும் ஃபார்மயேலா கேளுங்கள். ஆட்டுப் பாலில் செய்கிற கெட்டியான பாலாடைக்கட்டி, இந்த ஊருக்கே உரிய பெயர் உரிமை பெற்றது. உருளையாகச் செய்து, வட்டம் வட்டமாக வெட்டி, சுட்டுத் தருவார்கள். உருகி ஓடாது. வெளியே பொன்னிறத் தோல், உள்ளே கடித்தால் பல்லில் கிறீச்சென்று உரசும். எலுமிச்சை பிழிந்து சூடாகவே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் ரப்பர். கூட ஹோர்த்தா என்ற வேகவைத்த கீரையும் ரொட்டியும் வாங்கினால் சைவக்காரர்களுக்கு முழுச் சாப்பாடு. கேட்காமலே மேஜைக்கு வருகிற ரொட்டி பில்லில் ஏறலாம், தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். குழாய்த் தண்ணீர் என்று சொல்லிக் கேளுங்கள்.

டெல்ஃபியைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் சுருக்கமாக. காலையில் கதவு திறக்கும்போதே மேட்டுக்கு ஏறிவிடுங்கள், டூர் பஸ்கள் வந்த பிறகு அருங்காட்சியகத்துக்கு இறங்குங்கள். கோயிலின் முன்னால் நிற்கும்போது ஒன்று மட்டும் பாருங்கள். "நான் யாருக்குப் பிறந்தவன்" என்று கேட்க வந்த ஈடிபஸுக்கு இங்கே பதில் கிடைக்கவில்லை, வேறொரு பதில் கிடைத்தது. பெற்றோர் என்று தான் நினைத்தவர்கள் இருக்கிற கொரிந்துக்குத் திரும்பவே கூடாது என்று எதிர்த்திசையில் கிழக்கே நடக்கிறான். அந்த வழி நேராக முச்சந்திக்குத்தான் போகிறது.

தீப்ஸ் வழிகாட்டி நூல்களில் அரைப் பக்கம். இப்போதைய பெயர் திவா. ஏதென்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். போனால் ஏமாற்றம் நிச்சயம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஒரு வகையில் உண்மைதான். கி.மு. 335இல் அலெக்சாண்டர் ஊரைத் தரைமட்டமாக்கினான், கவிஞர் பிண்டாரின் வீட்டை மட்டும் விட்டுவைத்தான் என்பார்கள். மிச்சத்தின் மேல் இன்றைய ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஏழு வாசல்களில் எலெக்ட்ரா வாசலின் இரண்டு வட்டக் கோபுர அடித்தளங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே கிடக்கின்றன.

ஆனால் 2016இல் மறுபடி திறந்த அருங்காட்சியகத்துக்காகவே போகலாம். தனாக்ராவில் கிடைத்த மைசீனியக் காலச் சுடுமண் ஈமப்பெட்டிகளைத் தேடிப் போங்கள். கி.மு. 13ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. சில பெட்டிகள் குழந்தைக்குத்தான் போதும் என்கிற அளவு. பக்கங்களில் பெண்கள் வரிசையாக, இரண்டு கைகளையும் தலைமேல் வைத்து நிற்கிறார்கள். கண்கள் பெரிதாக, விரல்கள் கோடு கோடாக. ஒப்பாரிதான், விளக்கம் தேவையே இல்லை. குனிந்து பக்கத்தில் பார்த்தால் ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரியும்.

அதைப் பார்த்த பிறகு சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' நாடகத்தைப் படியுங்கள். ஈடிபஸின் மகள் ஆன்டிகனியின் அண்ணன் பாலினைசீஸின் பிணத்தை யாரும் புதைக்கக் கூடாது என்று மாமன் கிரியோன் ஆணை போடுகிறான். அவள் போய்ப் புதைப்பதாகப் பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அவள் செய்வது, மேலே மெல்லிசாகப் புழுதி தூவுவது, வெண்கலக் குடத்திலிருந்து மூன்று தடவை நீர்ப்பலி ஊற்றுவது, அவ்வளவுதான். மண்வெட்டித் தடமே இல்லை என்று காவலாளி சொல்கிறான். உடலை மூடுவதற்கு அது போதாது, சடங்குக்குப் போதும். வீட்டுப் பெண் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். கணவன் செத்தால் வேறு கணவன், பிள்ளை செத்தால் வேறு பிள்ளை, அப்பா அம்மா இல்லாத எனக்கு இன்னொரு அண்ணன் எங்கே பிறப்பான் என்று அவள் கேட்கிற வரிகள் ஜெர்மானியக் கவிஞர் கெதேவுக்குப் பிடிக்கவில்லை, யாரோ சொருகியது என்று நிரூபணமானால் நல்லது என்று ஆசைப்பட்டார். அந்தப் பெட்டிகளின் முன்னால் நின்றுவிட்டு வந்தால் அந்த வரிகள் அவ்வளவு விநோதமாகத் தோன்றாது. பல அருங்காட்சியகங்களுக்குச் செவ்வாய் விடுமுறை, நேரத்தைப் பார்த்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

டிராய்ப் போருக்குப் படை நடத்திய மன்னன் அகமெம்னனின் ஊரான மைசீனிக்கு ஏதென்ஸின் கிஃபிஸோஸ் பஸ் நிலையம். ஓமோனியா பக்கத்திலிருந்து 051 எண் நகரப் பஸ் அங்கே போகும். நாஃப்லியோ பஸ்ஸில் ஏறி, ஃபிக்டியில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அங்கிருந்து இடிபாடு வரை மூன்று, நான்கு கிலோமீட்டர் ஏற்றம். ஜூலை, ஆகஸ்டில் நடப்பது முட்டாள்தனம். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், "அத்ரியஸின் கருவூலம்" தனியாகச் சாலையோரம் இருக்கிறது, அதே டிக்கெட்தான் அங்கேயும். அதன் வாசலின் உள்பக்க உத்திரக் கல் மட்டும் சுமார் 120 டன். சிங்க வாசலின் உத்திரம் 20 டன் என்று வியந்துவிட்டு இங்கே வந்தால் வாயடைத்துவிடும்.

கருவூலமும் இல்லை, அகமெம்னனின் அப்பா அத்ரியஸுடையதும் இல்லை, அது ஒரு கல்லறை. அகமெம்னனைக் கொன்ற மனைவியின் பெயரால் "கிளைடெம்னெஸ்ட்ராவின் கல்லறை" என்பதும் பிற்காலத்தார் வைத்த பெயர். 1876இல் ஷ்லீமன் தோண்டி எடுத்த தங்க முகமூடியும் அகமெம்னனுடையது இல்லை, டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்குச் சுமார் மூன்று நூற்றாண்டு முந்தையது. அது ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் கி.மு. 458இல் போட்ட அகமெம்னன் நாடகத்தில் அரண்மனை மைசீனியிலேயே இல்லை, பக்கத்து ஊரான ஆர்கோஸில். அதற்குப் பத்தாண்டு முன்புதான் ஆர்கோஸ்காரர்கள் மைசீனியை அழித்திருந்தார்கள், ஏதென்ஸும் ஆர்கோஸோடு கூட்டுச் சேர்ந்திருந்தது. அரசியல் எந்தக் காலத்திலும் கதைக்களத்தை மாற்றிவிடும்.

எபிடாரஸ் அரங்கத்தைப் பகலில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதைவிட, ஜூலை, ஆகஸ்ட் வார இறுதியில் நாடகத்துக்குப் போங்கள். மேல் வரிசை டிக்கெட் மலிவு. நாடகம் இன்றைய கிரேக்க மொழியில், ஆங்கில வரிகள் திரையில் ஓடும். ஏதென்ஸிலிருந்து அன்றைக்கென்றே பஸ் விடுகிறார்கள், நள்ளிரவு தாண்டித்தான் திரும்பும். அறை வாடகையை நினைத்தால் அதுதான் லாபம். குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை. மொத்தம் 55 வரிசை, கீழே 34, மேலே 21. கல் இருக்கை முதுகுக்கு எதிரி, ஒரு துண்டை மடித்து எடுத்துப்போங்கள். காசு விழும் சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று வழிகாட்டிகள் காட்டுகிற வித்தையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் நம்ப வேண்டும். இந்தக் கல் அரங்கம் எழுந்தபோது சோஃபக்ளீஸ் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் இதைப் பார்த்ததே இல்லை.

அவர் நாடகம் போட்ட இடம் ஏதென்ஸில், அக்ரோபோலிஸின் தென்சரிவில் இருக்கிற டயோனிசஸ் அரங்கம். அக்ரோபோலிஸ் டிக்கெட் 2025 ஏப்ரல் முதல் 30 யூரோ, பல இடங்களுக்கும் சேர்த்து விற்ற கூட்டு டிக்கெட்டும் நின்றுவிட்டது. இவ்வளவு கொடுத்தும் முக்கால்வாசிப் பேர் நேரே பார்த்தினானுக்கு ஏறி இறங்கிவிடுகிறார்கள். அதே டிக்கெட்டில் இந்த அரங்கமும் அடக்கம். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்.

முன்வரிசைப் பளிங்கு ஆசனங்கள் பிற்காலத்தவை, சோஃபக்ளீஸ் காலத்தில் மரப் பலகைகள்தான். விழாவில் மூன்று கவிஞர்கள் போட்டியிடுவார்கள், ஆளுக்கு மூன்று துன்பியல், ஒரு கேலி நாடகம். ஈடிபஸ் நாடகத்துக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்தது என்றால் நம்ப முடிகிறதா? முதல் பரிசு ஈஸ்கிலஸின் சகோதரி மகன் ஃபிலோக்ளீஸுக்கு. அந்த வெற்றி நாடகம் இன்று கிடைக்கவே இல்லை. கொலைகள் பெரும்பாலும் மேடையில் நடக்காது. உள்ளே அலறல் கேட்கும், பிறகு கதவு திறந்து சக்கரப் பலகை ஒன்றில் பிணங்களை உருட்டிக்கொண்டு வருவார்கள்.

இறங்கி வரும்போது அரியோபாகஸ் பாறை, காசில்லை. ஈஸ்கிலஸின் நாடகத்தில் அகமெம்னனின் மகன் ஓரெஸ்டெஸை விசாரித்த மன்றம் இதுதான். அம்மாவைக் கொன்றவனைத் தண்டிப்பதா, அப்பாவுக்காகப் பழிவாங்கியவனை விடுவிப்பதா? தாய் என்பவள் விதையைக் காக்கிறவள் மட்டுமே, பெற்றவளே அல்ல என்று அப்போலோ வாதாடுகிறார். தாயில்லாமல் பிறந்த அத்தீனா அவன் பக்கம் வாக்களிக்க, சம வாக்கில் விடுதலை. இன்று கேட்டாலும் கோபம் வருகிற வாதம். பாறை வழவழவென்று தேய்ந்திருக்கிறது, மழை தூறினால் ஏறவே ஏறாதீர்கள். இரும்புப் படிக்கட்டைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாகக் கொலோனோஸ். சோஃபக்ளீஸ் பிறந்த ஊர், இப்போது ஏதென்ஸின் சாதாரணக் குடியிருப்பு. நடுவில் ஒரு சின்னக் குன்று, மரங்கள், இரண்டு பழைய அறிஞர்களின் கல்லறைகள். கண்ணிழந்த ஈடிபஸ் மகளின் கையைப் பிடித்து வந்து சேர்ந்து மறைந்த இடமாக, அவர் முதுமையில் எழுதிய நாடகம் இதைத்தான் சொல்கிறது. அது அவர் இறந்த பிறகு கி.மு. 401இல் பேரன் கையால் மேடையேறியது. ஈடிபஸின் சமாதி எங்கே என்று இங்கே தேடாதீர்கள். நாடகத்தில் மகள்களே கேட்கிறார்கள், யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டதால் மன்னன் தீசியஸ் காட்ட மறுக்கிறான். சரி, அப்படியென்றால் எங்களைத் தீப்ஸுக்காவது அனுப்பிவையுங்கள், அண்ணன்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதைத் தடுக்க முடியுமா பார்க்கிறோம் என்கிறாள் ஆன்டிகனி.

ஏதென்ஸின் லாரிசா ரயில் நிலையம் இந்தக் குன்றிலிருந்து நடக்கிற தூரம்தான். திவா ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறது.