ஈரத் துண்டு

வேலூர் மாவட்டத்துச் சிறு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், தறி நெய்யும் பெரியவர் ஒருவரை நாங்கள் குடிபோதை என்று தவறாக எண்ணிக் கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டோம். மகனையே அடையாளம் தெரியாமல் விழித்த அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்ததை நான் பார்த்தும் பொருட்படுத்தவில்லை. பிறகு சோதித்தபோது ரத்தச் சர்க்கரை 38 மட்டுமே இருந்தது. காலையில் சாப்பிடாமல், சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். குளுக்கோஸ் நரம்பில் ஏறியதும் மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். அந்தக் கால் மணி நேரம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதனால்தான் ஒரு மார்கழிக் காலையில், பம்புசெட் தொட்டியில் குளித்துவிட்டு வந்த அறுபது வயது அம்மாள் ஒருவரை மகள் பதறியபடி அழைத்து வந்தபோது, என் கை முதலில் குளுக்கோமீட்டரை எடுத்தது. சர்க்கரை சரியாகவே இருந்தது. "நாம எதுக்கும்மா இங்க வந்தோம்?" என்று கேட்டார், மகள் சொன்னதற்குத் தலையாட்டினார், இரண்டு நிமிடத்தில் அதே குரலில் அதையே கேட்டார். தம் பெயரையும் ஊரையும் பிழையின்றிச் சொன்னவருக்கு, தோளில் ஈரத் துண்டு கிடந்தும், குளித்தது மட்டும் நினைவில் இல்லை. பேச்சு குழறவில்லை, கைகால்களும் தளரவில்லை.

பக்கவாதம், வலிப்பு, தலைக்காயம், தூக்க மாத்திரை என ஒவ்வொன்றையும் விசாரித்து விலக்கிய பிறகே மருத்துவர் இதைத் தற்காலிக முழு மறதி என்றார். பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, குளிர்ந்த நீரோ கடும் உழைப்போ மன அதிர்ச்சியோ முன்னதாக நேர்ந்திருக்க, ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி புதிய நினைவுகளைப் பதிய முடியாமல் சில மணி நேரம் நின்றுவிடுகிறது; 24 மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். வலிப்பால் வரும் மறதியோ பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து, அடிக்கடி திரும்பும்; தூங்கி எழும்போது வருவதும் உண்டு. தம் பெயரையே மறந்து வருபவர்களிடம் மனத்துயரம் ஏதேனும் உண்டா என்றும் பொறுமையாகக் கேட்க வேண்டியிருக்கும்.

காற்று கருப்பு பட்டிருக்கும், மந்திரிக்க வேண்டும் என்று உடன் வந்த உறவினர் வற்புறுத்தினார். நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; மாலை வரை கட்டிலருகே உட்கார்ந்து, அம்மாள் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லச் சொன்னேன். நான்கு மணிக்கு மேல் கேள்விகள் குறைந்தன. பிறகு அவர் துண்டைத் தொட்டுப் பார்த்து, "இது ஏன் ஈரமா இருக்கு?" என்றார். மகள் சொன்ன பதிலை அதன்பின் அவர் மறக்கவில்லை.