மகளின் பல்கலைக்கழகத் தெரிவும் எங்கள் வீட்டுக் கணக்கும்

நாங்கள் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் என்றால் புள்ளிதான் எல்லாம். உயர்தரப் பரீட்சையில் புள்ளி போதுமென்றால் அனுமதி கிடைக்கும். அனுமதி கிடைத்தால் படிப்பு இலவசம். வீட்டில் வசதி குறைவென்றால் மகாபொல உதவித்தொகையும் வரும். தமிழ் மாணவர் அனுமதிக்குக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்த 1970களின் தரப்படுத்தலில் இடம் இழந்த அண்ணன்மாரையும் மாமாமாரையும் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால், ஒவ்வொரு புள்ளிக்கும் பதறுகிற பழக்கம் எங்களோடு கடல் தாண்டியும் வந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் பிள்ளையை ரியூஷனுக்கு மேல் ரியூஷன் அனுப்புகிறோம். ஆனால் இங்கிலாந்தில், பிள்ளை எங்கே படிக்கலாம் என்பதைப் புள்ளி தீர்மானிப்பதற்கு முன்பே, அந்தப் படிப்புக்கு யார் பணம் கொடுப்பது என்பதை வதிவிட உரிமைப் பத்திரமும் பெற்றோரின் வருமானக் கணக்கும் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. இதை எங்கள் கோயில்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் எவரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பதுதான் இதை எழுதத் தூண்டியது.

என் மூத்த மகள் 2025ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஷெஃபீல்டில் இரசாயனவியல் படிக்கத் தொடங்கினாள். நாங்கள் இலண்டனின் ஹரோ பகுதியில் வசிக்கிறோம். நான் ஒரு பேரங்காடியில் முழுநேரமாகவும், மனைவி முதியோர் பராமரிப்பில் பகுதிநேரமாகவும் வேலை செய்கிறோம். கீழே சொல்பவை இங்கிலாந்துக்குப் பொருந்துபவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் ஏற்பாடுகள் வேறு.

முதலில் வதிவிடத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் பிள்ளை பத்தாம் பதினொராம் வகுப்பில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவரும் அவருடைய பிள்ளைகளும் இங்கே மூன்றாண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி இல்லாமலே, கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்குமான அரச மாணவர் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தர வதிவிட உரிமையோ பிரித்தானியக் குடியுரிமையோ உள்ள பிள்ளை, கல்வியாண்டு தொடங்கும் நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுகள் இந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளின் கடவுச்சீட்டோடு இலண்டனுக்குக் குடிபெயர்ந்த எங்கள் குடும்பங்கள் பல உள்ளன. அவர்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடியேற்றத் திட்டத்தின் கீழ் தங்களுக்குக் கிடைத்த நிலை முழுமையானதா, இடைக்காலத்துக்கு உரியதா என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனெனில் கட்டணக் கடனும் வாழ்க்கைச் செலவுக் கடனும் அதைப் பொறுத்து வேறுபடலாம்.

மிகவும் சிக்கலானது வரையறுக்கப்பட்ட காலத்துக்கு மட்டும் விசா உள்ள பிள்ளைகளின் நிலை. ஸாம்பியாவில் பிறந்து ஆறு வயதில் இங்கே வந்து, பாடசாலையில் சிறப்பாகப் படித்தும் நிரந்தர வதிவிடம் இல்லாததால் கடன் மறுக்கப்பட்ட பியூரிஷ் ரிகெரே என்ற இளம்பெண்ணின் வழக்கில் 2015 யூலையில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதன் பயனாக இன்று, பதினெட்டு வயதுக்குட்பட்டவர் ஏழு ஆண்டுகளும், பதினெட்டோ அதற்கு மேலோ வயதானவர் தம் வாழ்நாளில் பாதியோ இருபது ஆண்டுகளோ இங்கே வாழ்ந்திருந்தால், கடைசி மூன்று ஆண்டுகளும் சட்டபூர்வமாக இருந்திருக்கும் பட்சத்தில், நிரந்தர வதிவிடம் இல்லாமலும் கடன் பெறலாம். எங்கள் உறவினர் ஒருவரின் மகன் பதின்மூன்று வயதில் தகப்பனின் வேலை விசாவில் வந்தவன். பதினெட்டு வயதில் இந்த அளவுகோல்களில் எதற்குள்ளும் அவன் அடங்கவில்லை. நிரந்தர வதிவிட விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது, பல்கலைக்கழகம் செப்ரெம்பரில் தொடங்குவதாக இருந்தது, முடிவு நவம்பரில்தான் வந்தது. தொடக்க நாளன்று உரிமை கையில் இல்லையென்றால் வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம், அதாவது ஆண்டுக்கு இருபதாயிரம் பவுணுக்கு மேல், கேட்கப்படும் நிலை. அவர்கள் பல்கலைக்கழகத்தோடு பேசி அனுமதியை ஓராண்டு ஒத்திவைத்தார்கள். அந்த ஓராண்டு வேலை செய்தபடி காத்திருந்து, அடுத்த ஆண்டு உள்நாட்டு மாணவனாகவே உள்ளே போனான். ஒத்திவைக்க முடியும் என்பது தெரியாமல் அனுமதியையே கைவிட்ட குடும்பங்களையும் அறிவேன். அதை நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

யூகாஸ் என்ற பொது அமைப்பின் வழியாகப் போடும் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பாடசாலையே வழிநடத்தும் என்பதால் அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஐந்து தெரிவுகள், மருத்துவம் என்றால் அவற்றில் நான்கு மட்டும், மருத்துவத்துக்கும் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கும் ஒக்ரோபர் நடுப்பகுதியிலும் மற்றவற்றுக்கு ஜனவரியிலும் முடிவு நாள் வரும். வந்த அனுமதிகளில் ஒன்றை உறுதித் தெரிவாகவும், புள்ளி குறைந்தால் கைகொடுக்கும் வகையில் இன்னொன்றைக் காப்புத் தெரிவாகவும் வைக்கலாம். காப்புத் தெரிவு உண்மையிலேயே குறைந்த புள்ளி கேட்பதாகவும், பிள்ளை மனமொத்துப் போகக்கூடிய இடமாகவும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

தெரிவுதான் கடினம். மருத்துவம், சட்டம், கணக்கியல் என்ற மூன்று வாசல்களைத் தவிர வேறெதையும் வாசலாக எண்ணாத சமூகத்தில், மகள் இரசாயனவியல் என்றபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் வருத்தம் விசாரித்தார்கள். அவளோ ஏ லெவலில் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வர மனமில்லாதவளாக இருந்தாள். இலண்டனில் குயின் மேரி, கிங்ஸ் கல்லூரி, வெளியே நொற்றிங்ஹம், ஷெஃபீல்ட், மான்செஸ்ரர் என்று அவள் பட்டியல் அமைந்தது. தரவரிசைப் பட்டியல்களில் ஓரிரு இடம் முன்பின் இருப்பதற்குப் பெற்றோர் கொடுக்கும் முக்கியத்துவம் தேவையற்றது என்பதே என் கருத்து. குறிப்பிட்ட பாடத்தில் எத்தனை மணிநேரம் ஆய்வுகூடம், தொழிற்துறையில் ஓராண்டு வேலை செய்யும் வாய்ப்பு பாடத்திட்டத்துக்குள் இருக்கிறதா, படித்து முடித்தவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்பவைதான் கேட்க வேண்டியவை. டிஸ்கவர் யூனி என்ற அரச இணையத்தளம் பாடவாரியாக இந்தத் தரவுகளைத் தருகிறது.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் வந்து பார்க்கும் ஷெஃபீல்டின் திறந்த நாளுக்கு நானும் மகளும் செயின்ற் பாங்க்ரஸிலிருந்து ரயிலில் போனோம். துறையின் விளக்க உரை முடிந்ததும் நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: தொழிற்துறை ஆண்டுக்கான இடத்தை நீங்கள் தேடித் தருவீர்களா, பிள்ளைதான் தேட வேண்டுமா? தேடுவது மாணவரின் பொறுப்பு, விண்ணப்பம் எழுதவும் நேர்முகத்துக்குத் தயாராகவும் துறை உதவும் என்று அந்த விரிவுரையாளர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு விடுதியைப் பார்த்தோம். ஆறு பேருக்கு ஒரு சமையலறை. குளிர்சாதனப் பெட்டியின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பெயர் ஒட்டப்பட்டிருந்தது. அலுமாரிகளில் ஒன்றில் ஐந்து கிலோ அரிசிப் பை நிமிர்ந்து நின்றது. வழிகாட்டிய மாணவி, அந்த அரிசி மலேசியப் பிள்ளை ஒருத்தியுடையது என்றும், ஞாயிறுகளில் எல்லோருக்கும் சமைப்பாள் என்றும் சொன்னாள். மகள் தனியே பட்டினி கிடப்பாள் என்று ஒரு மாதமாக உறங்காதிருந்த மனைவிக்கு அந்த அலுமாரியைப் படமெடுத்து அனுப்பினேன்.

வீட்டிலிருந்தே படிக்கட்டும், கண்ணெதிரே இருக்கட்டும் என்று சொன்னவர்களில் என் தாயாரும் ஒருவர். அந்த எண்ணத்தில் அன்பு இருக்கிறது, பணக் கணக்கும் இருக்கிறது. 2025–26 கல்வியாண்டில் வாழ்க்கைச் செலவுக் கடனின் உச்ச அளவு, பெற்றோருடன் வாழ்பவருக்கு 8,877 பவுண், வெளியே ஆனால் இலண்டனுக்குப் புறம்பாக வாழ்பவருக்கு 10,544 பவுண், இலண்டனில் தனியே வாழ்பவருக்கு 13,762 பவுண். வீட்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால் இந்த அளவு குறைந்துகொண்டே போகும், அந்த 25,000 என்ற எல்லையோ விலைவாசி எவ்வளவு ஏறியும் பல ஆண்டுகளாக உயர்த்தப்படவில்லை. எங்கள் இருவரின் வருமானத்திலிருந்து, பாடசாலை செல்லும் இளைய மகனுக்காக 1,130 பவுண் கழிக்கப்பட்ட பிறகு, நாற்பத்தோராயிரத்துக்குக் கிட்ட வந்தது. மகளுக்குக் கிடைத்த கடன் எட்டாயிரத்துச் சொச்சம் பவுணில் நின்றது. விடுதி வாடகை நாற்பத்திரண்டு வாரங்களுக்கு ஏழாயிரம் பவுணை நெருங்கியது. மீதிப் பணத்தில் ஓராண்டு முழுவதும் சாப்பிட முடியாது என்பதைக் கணக்குத் தெரியாதவரும் சொல்வார்.

உச்ச அளவுக்கும் எங்களுக்குக் கிடைத்ததற்கும் இடையிலான இரண்டாயிரத்துச் சொச்சம் பவுணைப் பெற்றோர் கொடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பின் மேல்தான் இந்த முறையே கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வரும் கடிதத்தில், இவ்வளவு தொகையை நீங்கள் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரியும் இருக்காது. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டிலேயே அந்த இடைவெளியைக் கணித்து, மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று பிள்ளையோடு வெளிப்படையாகப் பேச வேண்டும். மகளின் பாடசாலைப் படிப்பு முடிந்ததும் அவளுக்கான பிள்ளைக் கொடுப்பனவு நின்றுவிட்டது. புதிய செலவு தொடங்குகிற அதே இலையுதிர்காலத்தில் பழைய வரவும் நிற்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தனியாக உதவித்தொகை தருகின்றன. அது திருப்பிக் கட்ட வேண்டாத பணம். மாணவர் கடன் படிவத்தில் வருமான விபரத்தைப் பல்கலைக்கழகத்தோடு பகிரச் சம்மதித்தால் பல இடங்களில் தனி விண்ணப்பம் இல்லாமலே அது கிடைக்கும்.

கடைசியாகக் கட்டணக் கடனுக்கு வருகிறேன், ஏனெனில் எங்கள் ஆட்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். 2025–26 கல்வியாண்டில் கட்டணம் 9,535 பவுணாக இருந்தது. அது நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகும், எங்கள் கையில் படாது. மூன்று ஆண்டுகளுக்கு வாழ்க்கைச் செலவுக் கடனையும் சேர்த்தால் ஐம்பதாயிரம் பவுணைத் தாண்டும். நாட்டை விட்டு வர முகவருக்குக் கட்டிய பணத்தை வட்டியோடு அடைக்க ஆண்டுக்கணக்கில் இரவு வேலை செய்தவர்களுக்கு, பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரில் அந்தத் தொகையைக் காண்பது நெஞ்சை அடைக்கும். சீட்டு எடுத்தும் வீட்டின் மேல் மறுகடன் வாங்கியும் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியவர்கள் எங்கள் வட்டத்தில் உண்டு.

அந்தக் கடனும் இந்தக் கடனும் ஒன்றல்ல. இதற்குப் பிணையாளி இல்லை, வீட்டுப் பத்திரம் கேட்பதில்லை, வேலை இல்லாவிட்டால் தவணை இல்லை. 2023 ஓகஸ்ட் முதலாம் திகதியோ அதற்குப் பின்னோ படிப்பைத் தொடங்கியவர், ஆண்டுக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைக்கும்போது, அதற்கு மேற்பட்ட பகுதியில் நூற்றுக்கு ஒன்பது வீதம் சம்பளத்திலேயே கழிக்கப்படும். முப்பதாயிரம் பவுண் சம்பளம் என்றால் ஆண்டுக்கு 450 பவுண், அதாவது மாதம் 37 பவுண் 50 பென்ஸ். நாற்பது ஆண்டுகளில் மீதி இருந்தால் தள்ளுபடி. கடனாளி இறந்தால் குடும்பத்தின் மேல் அது விழாது. பழைய திட்டங்களைவிட எல்லை தாழ்வு, காலம் நீண்டது என்பதால், நடுத்தரச் சம்பளக்காரர் முன்பைவிட அதிகம் கட்டுவார் என்பது உண்மை. அது நியாயமல்ல என்றும் நான் நினைக்கிறேன். ஆனாலும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து வட்டிக்குச் சீட்டுப் பணம் எடுத்து, விலைவாசி உயர்வளவே வட்டி உள்ள இந்தக் கடனைத் தவிர்ப்பதில் எந்த நன்மையும் இல்லை. கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ குடிபெயர்ந்தாலும் கட்ட வேண்டிய கடமை தொடரும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் கலியாணம் செய்து அங்கேதான் போகிறார்கள்.

விண்ணப்பத்தை வசந்தகாலத்திலேயே, அனுமதி உறுதியாகும் முன்பே போட்டுவிடலாம். பல்கலைக்கழகம் மாறினால் பிறகு திருத்தலாம். கேட்கப்படுவது இரண்டு ஆண்டுக்கு முந்திய வரியாண்டின் வருமானம். எங்களுக்கு 2023–24. சம்பளக்காரருக்கு, வேலைகொடுப்பவர் ஆண்டிறுதியில் தரும் சம்பள, வரிச் சான்றான பி 60 போதும், கடை வைத்திருப்பவர் தம் வரிக்கணக்கை எடுத்துவைக்க வேண்டும். கடை மூடியதாலோ வேலை போனதாலோ வருமானம் பதினைந்து வீதமாவது குறைந்திருந்தால், நடப்பு ஆண்டு வருமானத்தின்படி மதிப்பிடுமாறு கேட்கும் உரிமை உண்டு. இதைக் கேட்காமல் விட்டவர்கள் பலர்.

முதல் தவணை, பல்கலைக்கழகம் மாணவரின் பதிவை உறுதிப்படுத்திய பிறகே வங்கிக்கு வரும். மகளுக்கு வந்த முதல் மூன்றிலொரு பங்கில் விடுதியின் முதல் தவணை போக, ஜனவரி வரை கையில் நின்றது ஐந்நூறு பவுண் அளவுதான். அதனால் சட்டி பானை, படுக்கை விரிப்பு, முதல் வாரங்களின் சாப்பாடு ஆகியவற்றுக்கான பணத்தைக் கோடையிலேயே ஒதுக்கியிருந்தோம். இரண்டாம் ஆண்டில் தனியார் வீடு எடுக்கும்போது வாடகைக்குப் பிணையாளி கேட்பார்கள். சொந்த வீடு உள்ளவர் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. வாடகை வீட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் அதற்காக ஓர் உறவினரை முன்பே கேட்டுவைப்பது நல்லது. கடன் விண்ணப்பத்தையோ ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் போட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான பி 60கள் இரண்டையும் மனைவி ஏற்கனவே கோப்பில் வைத்துவிட்டார்.