சுட்டியின் சாப்பாட்டுக் கணக்கு

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

விடியக் கொட்டிலுக்குப் போனதும் என் மாடு சுட்டியின் விலாவை எண்ணினேன். தூரத்தில் நின்றே நாலு எலும்பு தெரிகிறது. மார்ச் 10இல் சினை ஊசி போட்டது. மாட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள், ஆகவே டிசம்பர் நடுவில் கன்று.

போன முறை நடந்ததை மறக்கவில்லை. 2023 ஓகஸ்டில், தறையெல்லாம் காய்ந்து கிடந்த நேரம் கன்று போட்டாள். எலும்பும் தோலுமாக நின்றாள். பால் வரத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தவிடும் புண்ணாக்கும் ஞாபகம் வந்தது. தின்றதெல்லாம் பாலாகப் போனது, உடம்பில் ஒட்டவில்லை. ஏழு மாதம் சினைப்பருவம் வந்து காளைக்குக் கத்தவே இல்லை.

எங்கள் ஊர்ப் பழக்கம் அதுதான். கறக்கிற மாட்டுக்கு வாளி நிறையத் தவிட்டுத் தண்ணி, வற்றின மாட்டுக்கு வைக்கோலும் கயிறும்.

இன்று ஓலை வார்ந்து போட்டேன். பின்னேரம் விழுந்து கிடந்த பனம்பழம் இரண்டைச் சூப்பி முடித்தாள்.

2024 ஒக்டோபர் 13, ஞாயிறு

இன்றோடு கறவை நிறுத்தம். அரை லீற்றர்கூட வரவில்லை, அதை விடுவதில் நட்டமில்லை. கன்றுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

இரவு கனடாவிலிருந்து மருமகன் கதைத்தான். அல்பேர்ட்டாவில் இறைச்சி மாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை. அங்கே ஒருவரும் பால் கறப்பதில்லை, முழுப்பாலும் கன்றுக்கு. ஆறேழு மாதத்தில் கன்றைப் பிரிக்கிறார்கள். ஆனால் வருடம் ஒரு கன்று வந்தே ஆகவேண்டும், அதனால் தாய்மாட்டின் வருடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தீனி போடுகிறார்களாம்.

“மாமா, 7, 9, 11 எண்டு ஞாபகம் வையுங்கோ” என்றான். தீனியின் ஈரத்தை நீக்கிப் பார்த்தால் நூற்றுக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்ற கணக்கு. சினையின் நடுக்காலத்தில் 7, கடைசி மாதங்களில் 9, கன்று போட்ட பிறகு 11. வயிற்றுக்கன்று வளர்வதில் மூன்றில் இரண்டு பங்கு கடைசி மூன்று மாதத்தில்தான். அதே நேரம் கன்று இரைப்பையை நெருக்குவதால் தாய் தின்னும் அளவு குறையும். குறையத் தின்னும்போது நல்லதைத் தின்ன வேண்டும்.

அவன் சொல்லும் மாடுகள் 600 கிலோ. சுட்டி 250 இருந்தால் அதிகம். கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஐந்தரைக் கிலோ உலர் தீனி, அதில் 9 வீதம் என்றால் அரைக் கிலோ புரதம். வைக்கோல் 3 கிலோ தந்தால் 120 கிராம்தான் தேறும். சீமைக்கிளுவைக் குழை 4 கிலோ, காய்ந்த கணக்கில் ஒரு கிலோ, அதில் 200 கிராம். தவிடு ஒரு கிலோவில் 100, தேங்காய்ப் புண்ணாக்கு அரைக் கிலோவில் 100. கூட்டினால் சரியாக வருகிறது. குழை வேலிக் கதியாலில் சும்மா நிற்கிறது! முதல் நாள் வெட்டி வாட விட்டால்தான் தின்பாள், பச்சையாகப் போட்டால் மணத்துக்கு முகத்தைத் திருப்புகிறாள்.

2024 நவம்பர் 10, ஞாயிறு

பக்கத்து வளவு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “கடைசி நேரத்தில இப்பிடித் தீத்தினால் கன்று பெருத்திடும், இழுத்துத்தான் எடுக்கவேணும் தம்பி.”

கொழுத்த மாட்டுக்கு அது உண்மைதான். ஆனால் பட்டினி போட்டால் கன்று சிறுத்து சுகமாக வரும் என்பதை நான் நம்பத் தயாரில்லை. தாய்க்கு முக்கப் பலம் இருக்காது, கன்றும் எழும்பாது. மருமகன் ஊரில் உடம்பை 1 முதல் 9 வரை புள்ளியிட்டு, கன்று போடும்போது 5 இருக்கப் பார்ப்பார்களாம். சுட்டிக்கு இப்போது 4 கொடுக்கலாம். விலா இரண்டுதான் தெரிகிறது.

2024 நவம்பர் 27, புதன்

வெள்ளம். கொட்டிலுக்குள் முழங்கால் தண்ணி. சுட்டியை விறாந்தையில் கட்டியிருக்கிறேன், மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வைக்கோல் பட்டடையின் அடிப்பக்கம் போச்சு. பூஞ்சணம் பிடித்தால் சினை மாட்டுக்குப் போடக்கூடாது.

2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் செத்தன. மெலிந்த மாட்டுக்குக் குளிரைத் தாங்க உடம்பில் என்ன இருக்கிறது? முதுகில் சாக்குப் போட்டு, உள்ள புண்ணாக்கைக் கொடுத்தேன்.

2024 டிசம்பர் 17, செவ்வாய்

அதிகாலை மூன்று மணிக்கு ஆண் கன்று, நாம்பன். ஒரு மணித்தியாலத்துக்குள் எழும்பிவிட்டான்.

கடும்புப்பால் (கன்று போட்டதும் வரும் முதல் பால்) கேட்டு இரண்டு வீட்டிலிருந்து ஆள் வந்தது. கன்று குடித்த மிச்சம்தான் என்று சொல்லிவிட்டேன். முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் உள்ளே போவதுதான் நோய்க்குத் தடுப்பு, ஒரு நாள் கழிந்தால் கன்றின் குடல் அதை உறிஞ்சாது. இளங்கொடி (நஞ்சுக்கொடி) காலை எட்டு மணிக்குள் விழுந்தது. சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டேன். அதற்கும் பாலுக்கும் என்ன தொடர்பு என்று தெரியாது, அப்பா செய்தார், நானும் செய்கிறேன்.

2025 ஜனவரி 15, புதன்

பட்டிப்பொங்கல். மாலை, சந்தனம், குங்குமம். வாளி நிறையப் புக்கையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில் சிலருக்குக் கோபம். பழக்கமில்லாத மாட்டுக்கு அவ்வளவு சோறு போனால் இரைப்பை புளித்துப் படுத்துவிடும். ஒரு கைப்பிடி, சாமிக்குப் போதும்.

வருடத்திலேயே அதிகம் தின்ன வேண்டிய காலம் இதுதான். பால் ஆறாம் எட்டாம் கிழமையில் உச்சத்துக்கு வரும். மழைக்குப் புல்லும் தளதளவென்று நிற்கிறது. போன முறை கோடையில் கன்று போட வைத்தது முழுக்க என் பிழை. இரண்டு காம்பு எனக்கு, இரண்டு நாம்பனுக்கு.

இவனை என்ன செய்வது? இறைச்சிக்கு வளர்க்கிறேன் என்று எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வாங்க ஆள் வரும், விற்பார்கள், எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கமாட்டார்கள். நானும் முன்பு கேட்டதில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

அறுவடை முடிந்து பரந்தன் பக்கத்திலிருந்து வைக்கோல் வந்தது. கோடைக்காக 100 கிலோவைப் பதப்படுத்தினேன். 4 கிலோ யூரியாவைத் தண்ணியில் கரைத்துத் தெளித்து, மிதித்து, பொலித்தீனால் இறுக்கி மூடி மூன்று கிழமை. கரைசல் வாளியை மாட்டுக்கு எட்டாமல் வைக்கவேண்டும், அது நஞ்சு. எடுத்ததும் காற்றாட விட்டுத்தான் போடுவது.

2025 பெப்ரவரி 23, ஞாயிறு

விடியற்புறம் சுட்டி கத்தினாள்! கன்று போட்டு 68ஆம் நாள். 80, 85 நாளுக்குள் சினைப்பட்டால்தான் வருடத்துக்கொரு கன்று. பின்னேரம் ஊசி போட்டாயிற்று. ஐயாவிடம் சொன்னேன். “அது மழைப்புல்லின்ர குணம்” என்றார்.

2025 மார்ச் 16, ஞாயிறு

21ஆம் நாள். ஊசி பிடிக்காவிட்டால் இன்று அல்லது நாளை கத்த வேண்டும். இரவு மட்டும் மூன்று தரம் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நாம்பன் மூடின பொலித்தீனின் ஓரத்தைக் கடித்துக் கிழித்து வைத்திருக்கிறான், அதை ஒட்டவேண்டும்.