இரண்டு கிராம்

ஜூலை 9, செவ்வாய்

மறுபடியும் தயிர். சோடியம் சிலிகேட்டில் அமிலம் சொட்டிக்கொண்டிருக்கும்போது போன். பேசி வைப்பதற்குள் பீக்கர் மொத்தமும் உறைந்துவிட்டது. சிலிக்கா துகளாக இறங்க வேண்டியது; கரியமில வாயுவைப் பிடிக்கும் என் பொடிக்கு அதுதான் அடி. அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார் என்று சொல்ல அம்மா கூப்பிட்டிருக்கிறாள்.

சிலிக்கா எடுக்கும் சாம்பல் மட்டும் அருமை. புதுவயல் உமி, அமிலத்தில் அலசி 600 டிகிரியில் எரித்ததும் திருநீறு மாதிரி வெள்ளை. மில் பாய்லரில் வரும் சாம்பல் கறுப்பு. சின்ன வயதில் அப்பா சட்டைப்பையில் எட்டணா தேடினால் விரலெல்லாம் அதுதான் ஒட்டும்.

ஜூலை 10

அப்பா இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தார்.

ஜூலை 12, வெள்ளி

அப்பாவின் ஏபிஜி வந்துவிட்டது, ரத்தத்தில் வாயு அளவு பார்க்கும் சோதனை. கரியமில வாயு 61. 35-க்கும் 45-க்கும் நடுவில் இருக்க வேண்டும். "உள்ள போறது போகுதும்மா, இதுதான் வெளிய வரமாட்டேங்குது" என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போது 61 என்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஹீமோகுளோபினின் அமின் முனையில், அதாவது நைட்ரஜன் இருக்கும் முனையில், கரியமில வாயு ஒட்டுவதும் என் சிலிக்கா மேல் ஏற்றும் அமினில் ஒட்டுவதும் ஒரே கார்பமேட் பிணைப்பு. ரத்தத்தில் சிறு பங்குதான் அப்படிப் போகிறது, பெரும்பகுதி பைகார்பனேட். முதல் வருட செமினாரில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். இன்றைக்கு நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

ஜூலை 15, திங்கள்

புதுச் சிலிக்கா தேறிவிட்டது. அதன் மேல் அமினை ஒட்டவைக்க டொலுயினில் அமினோசிலேன், நைட்ரஜன் ஓட்டம், 24 மணி நேரக் கொதி. ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"அப்பிடி என்னதான்டி செய்யுற அங்க?" என்றாள் அப்பத்தா. அவளுடைய வெற்றிலைப் பெட்டியையே காட்டினேன். மூடாமல் வைத்த சுண்ணாம்பில் ஏடு கட்டியிருந்தது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் குடித்துத்தான் அந்த ஏடு. நம் ஊர் வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு இறுகுவதும் அப்படித்தான் என்றேன்.

"அப்ப சுண்ணாம்பையே வச்சுக்கிற வேண்டியதுதான? எதுக்கு அஞ்சு வருசமா உமியக் கட்டிக்கிட்டு அழுவுற?"

வைவாவில்கூட இப்படிக் கேட்க மாட்டார்கள். சுண்ணாம்பு பிடித்ததைத் திரும்ப வாங்கக் காளவாசல் வேண்டும், 900 டிகிரி வரை. என் பொடிக்கு 110 போதும். கக்கிவிடும், ஆறினால் திரும்பப் பிடிக்கும். ஒரு கிராமுக்குள் பல நூறு சதுர மீட்டர் பரப்பு, கானாடுகாத்தான் வீடு ஒன்றின் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு வரைக்கும் விரிக்கலாம். அதன் மேலெல்லாம் நட்டுவைத்த நாற்று மாதிரி அமின்.

"அது சரி" என்று ஏட்டை நகத்தால் விலக்கி, அடியிலிருந்து சுண்ணாம்பு தொட்டுக்கொண்டாள்.

ஜூலை 19, முதல் ஆடி வெள்ளி

தம்பி ஆக்சிஜன் மெஷினை 2-லிருந்து 4-க்கு ஏற்றி வைத்திருக்கிறான். "மூச்சு வாங்குச்சுக்கா, பாக்க முடியல." அப்பாவை உலுக்கினால் கண் சொருகுகிறது. என்னை அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். விரல் மெஷினில் 97. 88-லிருந்து 92 வரை போதும், இவருக்கு ஆக்சிஜன் கூடினால் கரியமில வாயுவும் கூடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. கத்தித் தீர்த்துவிட்டேன்.

2-க்கு இறக்கி, டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடி மூச்சுக்கு உதவும் பைபாப் முகமூடி மாட்டி, மூன்று மணிக்குத்தான் தெளிந்தார். "என்ன தாயி, லேபுக்குப் போகலயா?"

கும்மாயம் அடுப்படியிலேயே ஆறிப்போனது. தம்பி தொடவே இல்லை. அவனை அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஜூலை 22, திங்கள்

பொடி மஞ்சள். உலர்த்தும் ஓவனில் யாரோ 80 டிகிரியை 150 ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்றும் சூடும் சேர்ந்து அமினைத் தின்றுவிட்டன. ஆக்சிஜனால் கெட்டது. இதுவுமா.

ஜூலை 23

அமினோசிலேன் பாட்டிலில் அடிமட்டம். ஒரு முறைக்குத்தான் வரும்.

ஜூலை 26, வெள்ளி

பொடியின் எடை ஏறி இறங்குவதைப் பார்க்கும் டிஜிஏ கருவியில் கோடு ஏறியது. கிராமுக்கு 66 மில்லிகிராம் கரியமில வாயு.

பெரிய எண் இல்லை. அமின் நிறைந்த பாலிமரான பாலிஎத்திலீனிமைன் நிரப்பிய சிலிக்கா இதைப் போல இரண்டு பங்குக்கு மேல் பிடிக்கும். ஈரமில்லாத வாயுவில் இரண்டு அமின் சேர்ந்தால்தான் ஒரு மூலக்கூறைப் பிடிக்கும் என்பதால் பாதி நாற்று வீண். இருந்தாலும் கருவி முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

பிறகு செய்யக் கூடாத கணக்கைச் செய்தேன். ஆள் ஒருவர் ஒரு நாளில் வெளியே விடும் கரியமில வாயு ஏறக்குறைய 1 கிலோ. அதைப் பிடிக்க என் பொடி 15 கிலோ வேண்டும். கையில் இருப்பது 2 கிராம். அது தாங்குவது 11 விநாடி. அப்பா இப்போது விடும் வேகத்தில் நாலு மூச்சு.

பாட்டிலை மூடிப் பேர் எழுதி, ஈரம் புகாத டெசிகேட்டரில் வைத்தேன்.

ஜூலை 27

இன்று ஒரு தோசை. மறு ஏபிஜி 58. அம்மா கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய் வந்தாள். 58-ம் 61-ம் ஒன்றுதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 29, திங்கள்

காலை 7-லிருந்து கருவி எனக்கு. பிடித்து, விட்டு, பிடித்து, பத்துச் சுற்று. இரண்டாவது 66. மூன்றாவது 65.

தம்பி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். வெளியே போய்ப் பேச வேண்டும்.