ஷார்த்ர் பேராலயம்: மாதாவின் துணிக்காக எழுந்த கோயில்

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கோதுமை வயல்கள் விரிந்து கிடக்கும் சமவெளியில், ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே ஷார்த்ர் மாதா பேராலயத்தின் இரண்டு கோபுரங்களும் தெரிந்துவிடுகின்றன. இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. தெற்குக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; அதிக வேலைப்பாடு இல்லாமல் 105 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. வடக்குக் கோபுரத்தின் பழைய முடி இடி விழுந்து எரிந்துபோனதால், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ழான் த போஸ் என்ற கட்டடக் கலைஞர் கல்லிலேயே சரிகை வேலை செய்ததுபோல் புதிய முடியைக் கட்டினார். அதன் உயரம் 113 மீட்டர்.

இந்தக் கோயிலின் உயிர் ஒரு துணியில் இருக்கிறது. இயேசு பாலனைப் பெற்றெடுத்தபோது மாதா உடுத்தியிருந்தது என்று நம்பப்படும் ஆடையை, வழுக்கைத் தலையர் என்று பெயர் பெற்ற சார்லஸ் மன்னர் 876இல் இங்கே கொடுத்தார் என்பது மரபு. 1194 ஜூன் மாதம் ஒரு தீ விபத்தில் பழைய ஆலயத்தின் பெரும்பகுதி அழிந்தது. துணியும் போயிற்று, மாதா ஊரைக் கைவிட்டுவிட்டார் என்று மக்கள் அழுதார்களாம். மூன்றாம் நாள், நிலவறைக்குள் அடைபட்டிருந்த குருக்கள் அந்தத் திருப்பண்டத்தை ஏந்திக்கொண்டு உயிரோடு வெளியே வந்தார்கள் என்பது மரபு. இன்னும் பெரிய ஆலயம் வேண்டும் என்று மாதாவே கேட்பதாக ஊர் அதை எடுத்துக்கொண்டது. பெரும்பகுதி வேலை சுமார் 30 வருடத்தில் முடிந்துவிட்டது. 1260இல் அபிஷேகம் நடந்தது. கோதிக் என்னும் இடைக்கால ஐரோப்பியப் பாணியில் எழுந்த எத்தனையோ ஆலயங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இழுத்துக்கொண்டு போனதை நினைத்தால், இந்த வேகத்துக்கு பக்தி தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

தீயில் தப்பிய மேற்கு வாசலை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பழைய ஏற்பாட்டு அரசர்களும் அரசிகளும் தூணோடு தூணாக நீண்டு நிற்கிறார்கள். வலப்பக்க வாசல் மாதாவுக்கு உரியது. அதன் வளைவில் அந்தக் காலத்துக் கல்வியின் ஏழு கலைகளை மனித உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். இலக்கணம் கையில் பிரம்போடு உட்கார்ந்திருக்க, காலடியில் இரண்டு பையன்கள். ஒருவன் இன்னொருவனின் முடியைப் பிடித்து இழுக்கிறான்! இசை மணிகளைத் தட்டுகிறது. மாதாவின் மடியில் ஞானமே குழந்தையாக அமர்ந்திருக்கிறது, கல்வியெல்லாம் அந்த மடியைச் சுற்றித்தான் என்று அந்தக் கல்தச்சர்கள் சொல்வதாகவே நான் புரிந்துகொண்டேன்.

உள்ளே நுழைந்ததும் கண் பழகச் சற்று நேரம் ஆகிறது. 37 மீட்டர் உயரத்தில் கூரை. அதன் பாரத்தை வெளியே நிற்கும் முட்டு வளைவுகள் தாங்கிக்கொள்வதால், சுவரைத் திறந்து கண்ணாடி வைக்க முடிந்தது. மொத்தம் 176 வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிகளே.

தென்பக்கச் சுற்றுப் பாதையில் ‘அழகிய ஜன்னல் மாதா’ இருக்கிறார். 1180 வாக்கில் செய்த அந்த நடுப்பகுதி தீயிலும் தப்பியது. சிவப்புப் பின்னணியில் மாதாவின் ஆடை தெளிந்த வான நீலம். செபமாலையைக் கையில் எடுத்தேன்; பத்து மணி சொல்வதற்குள் மேகம் விலகி அந்த நீலம் இன்னும் வெளிறி ஒளிர்ந்தது. வாய் தானாக நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் நோயில் இருந்தவர்களுக்காக வேண்டவே போயிருந்தேன், ஆனால் அங்கே நின்றபோது கேட்க எதுவும் தோன்றவில்லை.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையைக் காட்டும் ஜன்னலையும் தேடிப் பாருங்கள். கண்ணாடிக் கதையைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் செருப்புத் தைப்பவர்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். அதற்கு மேலே வழிப்போக்கன் கள்வர்களிடம் அடிபடுகிறான், சமாரியன் அவன் காயத்தைக் கட்டுகிறான். இப்படி ரொட்டி சுடுவோர், தச்சர், தண்ணீர் சுமப்போர் என்று பல தொழிலாளர்கள் மற்ற ஜன்னல்களிலும் இருக்கிறார்கள். ஜன்னலுக்குக் காணிக்கை கொடுத்தவர்கள் இவர்களே என்று நெடுங்காலமாகச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் சிலர் அதை ஏற்பதில்லை. யார் கொடுத்திருந்தாலும் சரி, புனிதர்களின் காலடியில் உழைப்பவனுக்கு இடம் தந்திருக்கிறார்களே, அது போதும்.

1939இல் போர் நெருங்கியபோது இந்தக் கண்ணாடிகளைக் கழற்றிப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1944 ஆகஸ்டில், கோபுரத்தில் ஜெர்மானியர்கள் பதுங்கியிருப்பதாக அமெரிக்கப் படை சந்தேகித்தது. வெல்போர்ன் கிரிஃபித் என்ற அதிகாரி தானே உள்ளே போய்ப் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதிசெய்தார். ஆலயம் பிழைத்தது. அவர் அதே நாளில் பக்கத்து ஊரில் நடந்த சண்டையில் உயிர்விட்டார். அவருக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

மாதாவின் துணியைப் பீடத்துக்குப் பின்னால் உள்ள சிற்றாலயம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள். தரையில் வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும் வட்டப் பாதை சுமார் 260 மீட்டர் நீளம். பெரும்பாலும் நாற்காலிகள் அதை மறைத்திருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலிருந்து நவம்பர் தொடக்கத்தில் வரும் சகல புனிதர் திருநாள் வரை வெள்ளிக்கிழமைகளில் எடுத்துவிடுவார்கள், அதனால் நடந்து செபிக்க நினைப்பவர்கள் நாள் பார்த்துப் போவது நல்லது. மேல் ஜன்னல்களுக்கு ஒரு பைனாகுலர் கையில் இருக்கட்டும். அப்புறம், வெயில் உள்ள நாளாகவும் இருக்கட்டும்.